ஏட்டுக்கு ஒரு சவரம்

துணியை விலக்கிக் காட்டியதும் மகள் கேட்டாள், "இது யாரும்மா?"

திறப்பு விழாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஊரார் கூடுவதற்கு முன் ஏட்டின் வீட்டுக்காரர்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டும் என்று இன்ஸ்பெக்டர் நல்ல மனதோடுதான் அவர்களைக் கூப்பிட்டிருந்தார். காவல் நிலைய வாசலில், கொடிக்கம்பத்துக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவில், புது மேடைமேல் மார்பளவு ஃபைபர் சிலை. வெண்கல நிறம் பூசியிருந்தது. நெற்றி ஏட்டின் நெற்றிதான். வலது காது கொஞ்சம் விடைத்திருக்கும், அதைக்கூடச் சிற்பி விட்டுவைக்கவில்லை. எல்லாம் சரி, மூக்குக்குக் கீழே ஒரு மீசை. லேசுப்பட்ட மீசை இல்லை. பக்கத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம்.

ஏட்டின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ரைட்டர் தண்ணீர் எடுக்க ஓடினார். அவளுக்கோ சிரிப்புப் பீறிட்டது. புருஷன் போனதிலிருந்து நாலு பேர் பார்க்க அவள் சிரித்ததே இல்லை. இப்போது இடம் பொருள் பார்க்காமல் வருகிறதே பாவி மனுஷா, என்று சிலையைத்தான் மனதுக்குள் வைதாள்.

ஏட்டுக்கும் மீசை இருந்த காலம் உண்டு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் முத்தம் கொடுத்தால் வீல் என்று அலறுவாள். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் மழமழவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றார். நிலையத்தில் கேலி தாங்க முடியவில்லை. 'மழமழ ஏட்டு' என்றே பேர் விழுந்துவிட்டது. விழுந்தால் விழட்டும் என்று மனிதர் கடைசிவரை மீசையே வைக்கவில்லை. வெள்ளத்தில் பாலத்தடியில் சிக்கிய பேருந்திலிருந்து ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து கரை சேர்த்தார். உள்ளே இன்னும் ஒரு கிழவர் இருக்கிறார் என்று திரும்பப் போனார். கிழவர் கரைக்கு வந்தார். ஏட்டு வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு மகள் முகம் கண்ணில் பட்டது. குழந்தை அப்பாவைத் தேடிச் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏற்கெனவே அதற்கு அப்பா முகம் மங்கிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடம் போக இந்த வாசல்தான் வழி. தினம் தினம் இந்த மீசைக்காரரைப் பார்த்தால், நாளைக்கு அப்பா என்றதும் இவர்தான் நினைவில் வருவார்.

"இந்த மீசைய எடுத்துடுங்க," என்றாள்.

சிற்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "நீங்க குடுத்த போட்டோவுல மீசை இல்லதாம்மா. போலீஸ்காரருக்கு மீசை இல்லாட்டி எடுப்பா இருக்காதேன்னு நானாத்தான் வச்சேன். உள்ளதச் சொன்னா, இந்தச் சிலையிலயே நல்லா வந்தது அதுதான்."

"விழா முடியட்டும் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் தண்ணீரோடு வந்த ரைட்டர்.

"மாலை போட்டு, சல்யூட் அடிச்சப்புறம் எவன் சிலைமேல கை வைப்பான்?"

இன்ஸ்பெக்டர் தன் மீசையைத் தடவினார். "பெரிய அதிகாரி வர்ற நேரம்மா. அவரு நம்ம ஏட்டப் பாத்ததே இல்ல. மீசை இருந்ததா இல்லையான்னு அவருக்கு என்ன தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரிய வேண்டாங்கய்யா. இவளுக்குத் தெரியணும்."

இன்ஸ்பெக்டர் குழந்தையைப் பார்த்தார். பிறகு சிலையைப் பார்த்தார். "அன்னைக்கு நான்தான் கேட்டேன், என்னய்யா, மீசைய அடகு வச்சுட்டியான்னு. பாப்பாவுக்குக் குத்துதுங்கய்யான்னான்." சிற்பி பக்கம் திரும்பினார். "எடுங்க."

சிற்பி அரத்தை எடுத்தார். தூசி சட்டையில் படியுமே என்று ஒரு கான்ஸ்டபிள் சிலையின் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினார். அவ்வளவுதான், நிலையமே சலூன் ஆகிவிட்டது. "வெந்நி வேணுமான்னு ஏட்டய்யாவக் கேளுங்கப்பா," என்றார் ஒருவர். "கிருதாவையும் கொஞ்சம் இறக்கிடு," என்றார் இன்னொருவர். ஏட்டின் மனைவியும் சும்மா இருக்கவில்லை. "மெதுவாங்க. அவருக்கு மூக்குப் பக்கம் கை வந்தாலே தும்மல் வரும்," என்றாள். காக்கிச் சட்டைகள் எல்லாம் குலுங்கிச் சிரித்தன. தன் கண் நனைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

மீசை போன இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. சிற்பி அதில் அவசரமாக வெண்கலச் சாயத்தைப் பூசுவதற்கும் தெருமுனையில் சைரன் கேட்பதற்கும் சரியாக இருந்தது. ஈரத்தில் திரை ஒட்டிவிடக் கூடாதே என்று ரைட்டர் அதற்குள் புகுந்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பெரிய அதிகாரி கயிற்றை இழுத்ததும் ஊரார் முதலில் கண்டது கை இரண்டையும் உயர்த்தி நின்ற ரைட்டரைத்தான். மனிதர் சமாளித்து ஒரு கையால் சல்யூட் அடித்தார்.

மரியாதை அணிவகுப்பு நடந்தது. பேருந்திலிருந்து மீண்ட கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து பூ வைத்துவிட்டுப் போனார். கடைசியில், மாலை போட மகளை இன்ஸ்பெக்டர் தூக்கிப் பிடித்தார்.

அவள் மாலையைப் போட்டாள். போட்டுவிட்டு, இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைக் கண்டதும், ஈரம், ஈரம் என்று சிற்பி பதறுவதற்குள், மூக்குக்குக் கீழே அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள்.

"குத்தலம்மா," என்று கத்தினாள்.

பெரிய அதிகாரி விறைத்து நின்றார். வரிசையில் கான்ஸ்டபிள்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டரின் தோள்மேலிருந்து குழந்தை அம்மாவைப் பார்த்துத் திரும்பியது. அதன் மேலுதட்டில், காதைப் பார்த்து இழுத்துவிட்டதுபோல, பளபளவென்று ஒரு வெண்கல மீசை.