சஞ்சீவி எஃப்.சி.யின் கடைசி ஆட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கால்பந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தாயிற்று. எதிரணிப் பையன்கள் பனியனை மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தங்கப்பாண்டியன் ஒற்றை ஆளாக பஸ் வரும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு பேராவது இறங்காவிட்டால் ராஜபாளையம் சஞ்சீவி எஃப்.சி.யை இன்றோடு லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவர் அதை ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

கிளப்பைக் கெடுத்தது அவரேதான். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த மனுஷன் சும்மா இருப்பாரா? பந்தைத் தொடுமுன் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார், கயிறு ஏறச் சொன்னார். பந்து விளையாட இதெல்லாம் எதற்கு என்று ஒரு பயலும் கேட்கவில்லை. கேட்பானா? போலீஸ் தேர்வுக்கு வேண்டியதே அதுதானே! ஒவ்வொருத்தனாகத் தேறினான். வேலைக்கு ஆர்டர் வந்த வீட்டிலிருந்து லட்டு வரும், கும்பிடு வரும், பையன் வரமாட்டான். மனைவி போன பிறகு அவர் வீட்டில் பங்கு கேட்க ஆளில்லை. லட்டை அவர் தனியாகத்தான் தின்றார்.

போன் அடித்தது. கேப்டன் வல்லரசு.

"அண்ணாச்சி, போலீஸ் ஆளெடுப்புத் தேதிய இன்னைக்குன்னு மாத்திட்டாக. மிச்சமிருந்த அம்புட்டுப் பேரும் விருதுநகர்லதான் நிக்கோம். தப்பா எடுத்துக்கிடாதீக."

"நல்லா ஓடுங்கலே. மொத ரவுண்டுலயே மூச்ச விட்றாதீக" என்றார்.

அவர்கள் தேறவேண்டும் என்று மனசார நினைத்தார். ஒருத்தனாவது தோற்றுத் திரும்பி வந்தால் தேவலை என்றும் நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

நடுவர் சமுத்திரம் கடிகாரத்தைப் பார்த்தார். எதிராளி வராவிட்டால், வந்த அணி காலிக் கோலில் ஒரு பந்தை அடித்த பிறகுதான் ஆட்டம் முடிந்ததாக விசில் ஊதுவார்கள்; இங்கே அதுதான் வழக்கம்.

"கோலு காலியா இருக்க வேண்டாம்யா. நான் நிக்கேன்" என்றார் தங்கப்பாண்டியன்.

"ஆட்டக்காரங்க பட்டியல்ல உங்க பேரு இல்லையே, அண்ணாச்சி."

"பேரு இருக்கவன் எவன்யா வந்திருக்கான்?"

சமுத்திரம் பந்தைக் கோலுக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார்.

தங்கப்பாண்டியன் செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். எதிரணி விஜயபாண்டி, பெரிய மனுஷனுக்கு அடிபட்டுவிடக் கூடாதே என்று பந்தை ஓரமாக மெல்ல உருட்டிவிட்டான். அவரோ பாய்ந்து விழுந்தார். முழங்கை சிராய்த்துவிட்டது. பந்து கைக்குள் வந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. விசிலை வாய்வரை கொண்டுபோன சமுத்திரம் ஊதாமல் இறக்கினார்.

"பந்தக் குடுங்க, அண்ணாச்சி. இன்னொருக்கா அடிக்கட்டும்."

தங்கப்பாண்டியன் மண்ணில் கிடந்தபடியே பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். பையன்கள் அவரைச் சுற்றி வந்து நின்றார்கள். பறிக்க ஒருத்தனுக்கும் கை நீளவில்லை.