கீழே நிற்கிற ஆள்

"ஒரு மரத்த வெட்டறதுக்கா இவ்வளவு? நான் என்ன, காட்டையா வெட்டச் சொல்றேன்?"

தொலைபேசியில் வந்தது ஆண் குரல். மென்மையான குரல், கோபம் இல்லை. அவள் உடனே பதில் சொல்லவில்லை. விலையைக் கேட்டு எதிராளி சலித்துக்கொண்ட அடுத்த நொடியே வாயைத் திறந்தால் அது கெஞ்சலாகிவிடும் என்பதைப் பதினோரு வருட அனுபவம் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. முன்னறையில் ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசை, தொலைபேசி, கோடு போட்ட நோட்டு. நோட்டில் மரத்தின் உயரம், சாய்ந்திருக்கும் திசை, பக்கத்தில் மின்கம்பி உண்டா, யாருடைய கூரை எவ்வளவு தூரம் என்று நான்கு பத்திகள். கணவர் மரத்தோடு பேசுவார். மனிதர்களோடு பேசுவது அவள் வேலை.

"மூணு பேர் வருவாங்க சார். ஒருத்தர் மேல ஏற, ஒருத்தர் கயிறு பிடிக்க, ஒருத்தர் கீழ நின்னு பார்க்க."

"பார்க்கறதுக்கு ஒரு ஆளா? அத நானே பார்த்துக்கறேனே. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

இந்த நகைச்சுவையை வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது சொல்வார்கள். அவள் முதல் தடவை கேட்பதுபோல் சிரித்தாள். பிறகு விளக்கினாள். மேலே இருப்பவனுக்குத் தான் வெட்டும் கிளை எங்கே போய் விழும் என்பது தெரியாது. இலை மறைக்கும். கீழே யாராவது நடந்து போகிறார்களா, கிளையில் கட்டிய கயிறு வேறு கிளையில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே இருப்பவர் "விடு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் ரம்பம் நகராது. கணவர் வைத்திருக்கும் ஒரே சட்டம் அது.

"ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒரு ஆள் கூலியா?" என்றது குரல், இன்னும் சாந்தமாகவே.

அடுத்ததாக, மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டாள். கேள்வி கேட்டால் எதிராளி மரத்தை நினைத்துப் பார்ப்பார், விலையைக் கொஞ்சம் மறப்பார். இவர் மறக்கவில்லை. அதனால் மூன்றாவது உத்தியை எடுத்தாள்.

"சரி சார், அப்போ ஒண்ணு பண்ணுங்க. பாதி விலைக்கு வெட்டுறவர் ஒருத்தர் இருக்கார். தனியாத்தான் வருவார், கயிறு கியிறு எல்லாம் பெருசா கட்டிக்க மாட்டார். நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

மருந்தின் பக்கவிளைவுகளைப் படித்துக்காட்டுகிற மாதிரியான குரலில் அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனத்தில் எதிராளியின் கண்முன் அவருடைய கூரை உடையும், கம்பி அறும், பக்கத்து வீட்டுக் கார் நசுங்கும். "வேணாம்மா, நீங்களே வாங்க" என்பார்கள். நான்கு வருடங்களில் ஒருவர்கூட அந்த எண்ணை எழுதிக்கொண்டதில்லை.

பாதி விலைக்காரர் கற்பனை அல்ல. கணவரின் தம்பிதான். ஒல்லி உடம்பு, கனமே இல்லாதவன்போல் ஏறுவான். அவனை எல்லோரும் அணில் என்றே கூப்பிட்டார்கள். 'விடு' சொல்வதற்காக ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு அலைவது வீண் என்று அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனவன். "நீ தொழில் பண்ணல, ஊர்வலம் நடத்தற" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சில்லை. அவனுடைய எண்தான் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. பொய் எண்ணைத் தயங்காமல் சொல்ல அவளுக்கு வராது.

"சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றது மென்மையான குரல்.

பேனா மூடியைத் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது. ஒரே ஒரு இலக்கத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ தடவை அதை நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நேரத்தில், சும்மா மிரட்டுகிறவள் என்று இந்த ஆள் நினைத்துவிடக் கூடாது என்கிற ரோஷம்தான் முன்னால் வந்து நின்றது. எண்ணைச் சரியாகச் சொன்னாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். போனை வைத்த பிறகு, போகட்டும், அவனுக்கும் ஒரு வேலைதானே என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு டீ குடித்து முடிக்கும்வரை தாங்கியது.

நான்காம் நாள் காலையில் அணிலின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, போனில் கூப்பிட்டாள். "அக்கா" என்று மட்டும்தான் முதலில் சொல்ல முடிந்தது அவளால்.

மரத்திலிருந்து விழுந்து அணிலுக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இடது மணிக்கட்டும். மூன்று மாதத்தில் நடக்கலாம் என்றார் எலும்பு டாக்டர். மறுபடி மரம் ஏறுவாரா என்று ஓரகத்தி கேட்டபோது, கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "மரமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆறு கட்டில்கள் போட்ட வார்டில் ஜன்னலோரக் கட்டில் அவனுடையது. கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்கு வருடம் பேசாதவர்கள் எந்த வார்த்தையில் தொடங்குவது? அணில்தான் தொடங்கினான்.

"வாங்கண்ணே. ஊர்வலம் இல்லாம தனியா வந்திருக்கீங்க?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவன் பக்கத்துக் கட்டில்காரரிடமும், மாத்திரை கொடுக்க வந்த நர்ஸிடமும், அவளைக் காட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தான்.

"எங்க அண்ணி. அண்ணன் பேசாம இருந்தா என்ன, இவங்க எனக்குத் தெரியாமலே வர்ற வேலைய எனக்குத் திருப்பி விட்டிருக்காங்க. அந்த வீட்டுக்காரரே சொன்னார், உங்க நம்பர அந்தம்மாதான் குடுத்தாங்கன்னு. எத்தன வருஷமா குடுத்தாங்களோ, யாருக்குத் தெரியும்!"

"அப்படியெல்லாம் இல்ல தம்பி" என்றாள் அவள்.

"பாருங்க, ஒத்துக்கவும் மாட்டாங்க."

படிக்கட்டில் இறங்கும்போது கணவர், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"எத?"

"அவனுக்கு வேல அனுப்புறத. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?" இரண்டு படி இறங்கினார். "கோவிச்சிருப்பேன்தான்" என்று தானே சொல்லிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். கல்யாணப் புகைப்படத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது அன்றுதான். காய்த்துப்போன, கதகதப்பான கை. கீழ்த்தளம்வரை அவர் விடவில்லை. ஒவ்வொரு படியிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். படிகள் தீர்ந்துவிட்டன.

மறுநாள் மாலை, பார்வையாளர் நேரத்தில், நடைவழியில் நின்று நர்ஸிடம் கட்டு மாற்றுவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஒருவர், "நீங்கதானா அது?" என்றார். மெலிந்த மனிதர். கையில் பழப் பை. குரலை வைத்து இருவருமே மற்றவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

பெஞ்சின் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்தார்கள். அவர் பல் டாக்டர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "நீங்க சொன்னீங்களே, பாதி விலைக்கு ஒருத்தர் இருக்கார், நம்பர் தரட்டுமான்னு. அதே வார்த்தைய நான் தினம் சொல்றேன். ஒரு பல்லுக்கு இவ்வளவான்னு கேக்குறவங்ககிட்ட, அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்கார், பாதிக்கே பிடுங்குவார், அட்ரஸ் தரட்டுமான்னு கேப்பேன். ஒருத்தரும் வாங்கிக்க மாட்டாங்க."

அவள் அவரைப் பார்த்தாள்.

"அதனாலதான் எழுதிக்கிட்டேன். என் வித்தைய எங்கிட்டயே காட்டறாங்களேன்னு தோணிச்சு. அடுத்த தெரு ஆளு, உண்மையைச் சொன்னா, என்னைவிட நல்லாப் பிடுங்குவார். உங்க ஆளும் அப்படித்தான் இருப்பார்னு நெனச்சேன்."

"நான் பொய் சொல்லல சார்."

"தெரியுது. இப்பத் தெரியுது."

எதிரே தண்ணீர்க் குழாயில் யாரோ பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பழப் பையை ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்கு மாற்றினார்.

"ஏறினதுக்கு அப்புறம் மேலேர்ந்து கூப்பிட்டார். 'சார், கொஞ்சம் கீழ நில்லுங்க. நான் விடலாமான்னு கேப்பேன், நீங்க விடுன்னு சொன்னாப் போதும். சின்ன வயசுப் பழக்கம், அது கேக்கலேன்னா கை ஓட மாட்டேங்குது'ன்னார். நானும் நின்னேன். பத்துப் பதினஞ்சு தடவ சொல்லியிருப்பேன். விளையாட்டு மாதிரி இருந்தது. கடைசித் தடவ எனக்கு ஒரு போன் வந்தது. பேஷன்ட் ஒருத்தர். பல் கட்டறதுக்கு ஏன் இவ்வளவுன்னு கேட்டுக்கிட்டிருந்தார். நான் பதில் சொல்லிக்கிட்டே, மேல பார்க்காம, விடுன்னு சொன்னேன்."

கிளையில் கட்டிய கயிறு வேறொரு கிளையின் கவட்டையில் மாட்டியிருந்திருக்கிறது. அறுபட்ட கிளை கீழே போகாமல் ஊஞ்சல்போல் திரும்பி வந்து அவனை அடித்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்திருந்தால் குழந்தைக்கும் தெரிந்திருக்கும் என்றார்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. ஆஸ்பத்திரிச் செலவு என்னோடதுன்னு மட்டும் சொன்னேன். அதுக்கு நன்றி சொல்றார். ரெண்டு நாளா அந்த நன்றியைக் கேட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறேன்." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "'அண்ணி என்ன சொல்லி என் நம்பரக் குடுத்தாங்க'ன்னு அவர் எங்கிட்ட கேட்டார். நல்ல ஆள்னு சொன்னாங்கன்னு சொல்லிட்டேன். தப்பா?"

தன்னைக் காப்பாற்றியவரிடம் தப்பென்று எப்படிச் சொல்வது? நீங்கள் என் பொய்யை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள் என்றா? அவர் எழுந்து வார்டுக்குள் போனார். உள்ளேயிருந்து, "வாங்க டாக்டர்! பல்லு மட்டும் உடையல பாருங்க, உங்களுக்கு நஷ்டம்!" என்கிற குரலும், ஆறு கட்டில்களின் சிரிப்பும் கேட்டன.

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் ஒன்று புரிந்தது. நான்கு வருடங்களாகத் தினமும் அவள் யாரிடமாவது அவனைப் பற்றிப் பேசியிருக்கிறாள். விழப்போகிறவன் என்றுதான் பேசியிருக்கிறாள். அவன் விழுவான் என்பது அவள் தொழிலுக்கு உதவியிருக்கிறது. ஒரு தடவையாவது அவனைக் கூப்பிட்டு, தம்பி, கயிறு கட்டிக்க என்று சொல்லத் தோன்றவில்லை.

பத்து மணிக்கு வார்டில் இருந்தாள். கணவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். முதுகு புண்ணாகாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் பக்கவாட்டில் திருப்பி, துடைத்து, பவுடர் போட வேண்டும்.

"அக்கா, ஒரு கை பிடிங்க" என்றாள் ஓரகத்தி.

இருவரும் சேர்ந்து அவனை உடையாத பக்கமாகச் சுவரைப் பார்க்கத் திருப்பினார்கள். அவள் ஒரு கையைத் தோளிலும் மறு கையைத் தொடையிலும் வைத்துத் தாங்கிக்கொண்டாள். ஓரகத்தி துணியைப் பிழிந்து பார்த்துவிட்டு, "தண்ணி ஆறிப்போச்சு. இப்படியே பிடிச்சுக்குங்க, சுடுதண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று பாத்திரத்தோடு வெளியே போனாள்.

"கனக்கறேனா அண்ணி?"

"கனக்கறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு?"

அவன் சுவரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு வேறு குரலில், "எலும்பு டாக்டர் சொன்னத அவ எங்கிட்ட மறைக்கறா. எனக்குத் தெரியும். இனி மரம் இல்ல" என்றான்.

"அப்படியெல்லாம்..."

"இல்ல அண்ணி, அழல. யோசிச்சுட்டேன். நானும் உங்கள மாதிரி போன்ல உட்கார்ந்துக்கறேன். அண்ணன் சேர்த்துக்குவார். எனக்கு விலை கேக்குறவங்களச் சமாளிக்கத் தெரியாது. ஏன் இவ்வளவுன்னு யாராவது கேட்டாலே உடனே குறைச்சுடுவேன். அப்படித்தான பாதிக்கு வந்தேன்? நீங்க என்ன சொல்வீங்க? சொல்லிக்குடுங்க."

"அப்புறம் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க. சும்மா சுவரத்தான பார்த்துக்கிட்டிருக்கேன்."

வார்டின் மறுகோடியில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். அவள் பிடியைச் சரிசெய்துகொண்டாள்.

"மொதல்ல ஆளுங்களச் சொல்வேன். மேல ஒருத்தர், கயிறுக்கு ஒருத்தர், கீழ நின்னு பார்க்க ஒருத்தர்."

"அதுக்கும் மசியலேன்னா?"

"மரம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு கேப்பேன்."

"ம். நல்லா இருக்கு. அதுக்கும் மசியலேன்னா?"

அவள் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை, எப்போதும் சொல்கிற அதே குரலில். வேறு குரலில் சொல்ல முயன்றிருந்தால் அது இன்னொரு பொய்யாகியிருக்கும். பாதி விலைக்கு வெட்டுறவர் ஒருத்தர் இருக்கார். தனியாத்தான் வருவார். கயிறு கியிறு எல்லாம் பெருசா கட்டிக்க மாட்டார். நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?

பிறகு, "நாலு வருஷமா இதத்தான் சொல்றேன். இந்த டாக்டர் ஒருத்தர்தான் எழுதிக்கிட்டார்" என்றாள்.

கையை எடுக்கலாமா என்றால் எடுக்க முடியாது. எடுத்தால் உடைந்த பக்கம் சாய்ந்துவிடுவான். முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தின் பின்புறமும் ஒரு காதும்தான். காது மடலின் மடிப்பில் மரத்தூள் ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் யாரும் அங்கே துடைத்திருக்கவில்லை. வெளிர் மஞ்சளாக, ஈரம் உலர்ந்து, மாவுபோல் இருந்தது. அவன் மூச்சு விட விட, அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.