வங்கிக்குப் பின்னால் ஒரு முக்கோணம்

எழுந்தான். பல் தேய்த்தான். பச்சைத் தண்ணீரில் குளித்தான். நாற்காலி முதுகில் தொங்கிய சட்டையை ஒரு உதறு உதறிப் போட்டுக்கொண்டான். கறுப்புத் தேநீர் போட்டு நின்றபடியே பாதி குடித்தான், மீதியைத் தொட்டியில் கொட்டினான். வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தி நாளாகிறது. சமையலறை ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டான். வெளியே சன்ஷேடில் உட்கார்ந்திருந்த சாம்பல் நிறப் பூனை அவனைப் பார்த்தது. அவனும் பார்த்தான். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படியிறங்கினான்.

எதிர்வீட்டுக்காரர் செருப்பைத் தேடியபடி, “சாப்பிட்டாச்சா தம்பி?” என்றார்.

“ஆச்சு.”

அந்த ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது என்று மனைவி போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா, மனசு கொஞ்சம் தேறியாச்சா. எல்லாவற்றுக்கும் ஆச்சு. கேட்டவர்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

கட்டட வரைபடங்கள் போடும் சின்ன அலுவலகத்தில் அவனுக்கு வேலை. முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். அவனுக்குப் பக்கத்து மேசையில் ஓர் ஒல்லியான உயரமான வரைவாளர். நிமிர்ந்தால் மின்விசிறி இடிக்குமோ என்று பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். அவருக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்தவள் அவன் மனைவி. அவருக்கே அந்தப் பெயர் பிடித்துப்போய், தொலைபேசியிலும் ஸ்கேல் பேசறேன் என்றுதான் சொல்வார்.

“சறுக்குமரத்துக்கு என்ன கலர் போடட்டும்?” என்றார் ஸ்கேல்.

“எதுவேணா போடுங்க.”

“போன வாரம் கேட்டப்பவும் இதைத்தான் சொன்ன. மஞ்சள் போட்டிருக்கேன். மேடத்துக்கு மஞ்சள்னா ஆகாது. திட்டு விழுந்தா உன் பேரைச் சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க.”

“உன்கிட்ட வம்பு இழுக்கறதும் ஒண்ணு, செவுத்துல முட்டிக்கறதும் ஒண்ணு” என்று ஸ்கேல் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தேநீரைச் சத்தமில்லாமல் அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சறுக்குமரம் வரப்போகும் இடம் நகரின் நட்டநடுவில் இருந்தது. வங்கியின் முதுகுக்கும் மூடிக் கிடக்கும் தியேட்டருக்கும் நடுவே ஒரு முக்கோணம். ஒரு பக்கத்துச் சாலை ஆள் இடுப்பு உயரத்துக்கு மேடு. அதனால் ஊர் மழைத்தண்ணீர் பாதி அங்கேதான் வந்து நிற்கும். ஒரு காலத்தில் அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறை இருந்தது. பட்டறை போய்விட்டது, ஈயம் போகவில்லை. வணிக வளாகம் கட்ட வந்தவர்கள் மண்ணைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார்கள். அடுக்கு வாகன நிறுத்தம் கட்ட வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நகராட்சி வேலி போட்டது. ஜனங்கள் வேலியில் ஓட்டை போட்டார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து சந்தைக்கு அதுதான் குறுக்கு வழி. புல்லுக்கு நடுவில் கோடு கிழித்ததுபோல் ஒரு ஒற்றையடித் தடம் விழுந்திருந்தது.

மண்ணைச் சோதிக்க வந்த பொறியாளர் அவன் மனைவிதான். அவள் வேறொரு ஆய்வகத்தில் இருந்தாள். ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. துளையிட்டு எடுத்த மண்ணை அவள் கையுறை போட்ட விரல்களால் நசுக்கிப் பார்த்தாள். அவன் எட்டிப் பார்த்தான்.

“டேய், தொடாத. தொட்டா அந்தக் கையை மூஞ்சிகிட்ட கொண்டு போகாத.”

கல்லூரியில் ஒரே வகுப்பு. அந்த டேய் கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. புருஷனை நாலு பேர் முன்னால் இப்படியா கூப்பிடுவது என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். பக்கத்து பெஞ்சில் காப்பியடித்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம் என்று இவள் கேட்பாள்.

அன்று அவன் அங்கே என்ன கட்டலாம் என்று கேட்டான். அவள் கையுறையைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கட்டியபடி சொன்னாள்: “இது ஆளுங்க உக்கார்ற இடமில்ல. நடந்து போயிடணும்.”

பிறகு ஒரு நாள் ஆய்வகத்தில், மண் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது, தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் ஒரு நரம்பு வெடித்துவிட்டதாம். மருத்துவமனைக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: கடைசியா என்ன சொன்னா? அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் மாமியார் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் மகள் போன் பண்ணினாளாம். “அம்மா, அந்த இடத்துல குழந்தைங்க ஓடியாடி விளையாடணும்மா” என்றாளாம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் நகராட்சித் தலைவரின் மனைவி. மறு வாரம் தலைவரே மேடத்தைக் கூப்பிட்டார். அவளுடைய பெயரில் ஒரு சிறுவர் பூங்கா. யாருக்கு மறுக்க மனசு வரும்? இத்தனை வருஷம் யாருக்கும் பிடிபடாத இடத்துக்கு ஒரே நாளில் முடிவு வந்துவிட்டது.

மருத்துவமனையில் அவளுடைய போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவன் திறந்து பார்த்தான். அன்று மத்தியானம் அம்மாவுக்கு ஒரு அழைப்பு போயிருந்தது. எடுக்கப்படவில்லை. மாமியார் தூங்கும் நேரம் அது. அவன் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை, சொல்லக்கூடாது என்றும் தோன்றவில்லை.

பூங்காவை வரையச் சொன்னார்கள், வரைந்தான். ஊஞ்சல் வரைந்தான், நடைபாதை வரைந்தான். நகராட்சிக் கூட்டத்துக்கு முந்தின தினம் மணல் தொட்டி வரையும்போதுதான் கை நின்றது. மேடத்தின் அறைக்குப் போனான்.

“மழைக்காலத்துல அடித்தண்ணி மேல வருது மேடம். ஈயமும் கூட வரும். அவ அறிக்கையில இருக்கு.”

“ரெண்டடி புது மண் கொட்டிட்டாப் போச்சு. அதுவும் அறிக்கையில ஒரு வழியாப் போட்டிருக்கே.”

“தோட்டத்துக்குப் போட்டிருக்கா. குழந்தைங்க தோண்டுவாங்க.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “இதோ பாருப்பா. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஊரே ஒரு மனசா ஒண்ணு கேக்குது, அதுவும் உன் மனைவிக்காக. அவங்கம்மா வாயால சொன்னது. நீ போய் அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்லப்போறியா?”

அவன் தன் மேசைக்குத் திரும்பி மணல் தொட்டியை முடித்தான்.

இப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஸ்கேல் எழுந்தார். இருவரும் வரைபட அட்டைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நகராட்சிக்கு நடந்தார்கள்.

கூட்ட அரங்கில் முன்வரிசையில் மாமியார் உட்கார்ந்திருந்தார். தலைவர் கார் அனுப்பி அழைத்து வந்திருந்தார். அவனைப் பார்த்ததும் பாதி எழுந்தார்.

“வாங்க மாப்பிள்ளே. இளைச்சுட்டீங்க.”

“இல்ல அத்தை.”

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“பொய்” என்றார் அத்தை. இந்த ஒருவரிடம் மட்டும் அந்தச் சொல் எடுபடுவதில்லை.

தலைவர் பேசினார். கடைசி வார்த்தை கதையை அவர் சொன்னபோது அது இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. குழந்தைகளோடு பறவைகளும் சேர்ந்திருந்தன. அத்தை மடியில் இருந்த கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு படத்தை விளக்கச் சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள்.

அவன் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். மஞ்சள் சறுக்குமரம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்கேல் அதன் உச்சியில் ஒரு சின்னப் பெண்ணை வரைந்து வைத்திருந்தார். அந்தப் பெண் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

“இதை நான்தான் வரைஞ்சேன்” என்றான். “இதைக் கட்டவேண்டாம்.”

மேடத்தின் நாற்காலி கிறீச்சிட்டது.

ஈயத்தைச் சொன்னான். தண்ணீர் ஏறி இறங்குவதைச் சொன்னான். குழந்தைகள் கையை வாயில் வைப்பார்கள் என்றான். கடை வாடகைக் கணக்கு ஒப்பிப்பவன்போல் ஒரே குரலில் சொன்னான். அவனுக்கே அது தூரத்தில் யாரோ பேசுவதுபோல் கேட்டது.

தலைவருக்குக் கோபமில்லை, குழப்பம்தான். “தம்பி, அவங்க ஆசைப்பட்டது இதுதானே? கடைசியா அம்மாகிட்ட சொன்னதா இவங்களே சொல்றாங்களே.”

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை அவனைப் பார்த்தார். கைப்பையைத் திருகும் விரல்கள் நின்றுவிட்டன. அந்தப் பார்வையில் அவனுக்குப் புரிந்தது: போன் தன்னிடம் இருப்பது அத்தைக்கும் தெரியும். ஒரு வார்த்தை போதும். சறுக்குமரம், மணல் தொட்டி, பறவைகள் எல்லாம் விழுந்துவிடும், கூடவே அத்தையும்.

“அத்தைகிட்ட அவ என்ன சொன்னாளோ, அது அத்தைக்குத்தான் தெரியும்” என்றான். “என்கிட்ட அந்த இடத்துலயே நின்னு சொன்னது வேற. இது ஆளுங்க உக்கார்ற இடமில்ல, நடந்து போயிடணும்னு சொன்னா. வேலையைப் பத்திச் சொன்னது அது. நான் அதை எடுத்துக்கறேன்.”

“அப்ப என்னதான் கட்டறது?”

“கெட்டியா ஒரு காங்கிரீட் தரை. ஜனங்க இப்ப நடக்கற தடத்து மேலயே. வெயிலுக்கும் மழைக்கும் மேல ஒரு கூரை. தண்ணி வெளிய போக ஓரத்துல கால்வாய். மேட்டுச் சாலைப் பக்கம் கழிப்பறை. சந்தையில இருக்கற பொம்பளைங்களுக்கு இப்ப போக இடமில்ல.”

பின்வரிசையில் வணிகர் சங்கத்துக்காரர் ஒருவர், “போனவங்க பேர்ல கக்கூஸா?” என்றார். யாரோ சிரித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

“பேர் வேண்டாம்” என்றான்.

அரங்கில் ஆளுக்கொன்று பேசத் தொடங்கினார்கள். அத்தை எழுந்து நின்றார். சத்தம் அடங்கியது.

“மண்ணு விஷயம் அவளுக்குத்தான் தெரியும். எனக்கு என்ன தெரியும்? மாப்பிள்ளை சொல்றபடியே கட்டுங்க” என்றார். அவ்வளவுதான். உட்காரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

பெற்றவரே சொன்ன பிறகு தலைவருக்குப் பேச ஒன்றுமில்லை. பூங்காவைக் கைவிட்டு, கூரைக்கும் கழிப்பறைக்கும் புதுப்படம் கொண்டுவரச் சொன்னார். வெளியே வராந்தாவில் மேடம், “வாய்க்கு வந்த சோத்தைத் தட்டிவிட்டுட்டியே” என்றார். அதற்கு மேல் திட்ட அவருக்கும் தெம்பில்லை. ஸ்கேல் அட்டைகளைத் தனியாகத் தூக்கிக்கொண்டார். “நீ அம்மாவைப் பாரு. மஞ்சள் கூரை போட்டுக்கலாம்” என்றார்.

அத்தைக்குத் தலைவரின் கார் வேண்டாமாம். பேருந்தில் போகிறேன் என்றார். நிறுத்தத்துக்கு அதுதான் குறுக்கு வழி. வேலி ஓட்டையில் அவன் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். அத்தை குனிந்து உள்ளே வந்தார். கூடைகளோடு இரண்டு பெண்கள் எதிரே வந்து, இவர்களுக்கு வழிவிட்டுப் போனார்கள்.

நடுவில் அத்தை நின்றார்.

“இங்கயா தோண்டினா?”

“அஞ்சாறு இடத்துல. நிக்காதீங்க அத்தை, நடந்துகிட்டே பேசலாம்.”

நடந்தார்கள். தியேட்டரின் சுவர் நிழல் தடத்தில் விழுந்திருந்தது.

“நான் எடுக்கல மாப்பிள்ளே” என்றார் அத்தை.

“தெரியும்.”

“போன் பக்கத்துலதான் இருந்துச்சு. அடிச்சது காதுல விழுந்துச்சு. அப்புறம் பேசிக்கலாம்னு திரும்பிப் படுத்துட்டேன்.” குரல் உடையவில்லை. விலைவாசி பேசுவதுபோல்தான் சொன்னார். “எல்லாரும் கேட்டாங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாள்னு எப்படிச் சொல்றது? ஏதோ சொன்னேன். அது தலைவர் வரைக்கும் போகும்னு கண்டேனா?”

“பரவால்ல அத்தை.”

“பரவால்ல இல்ல. குழந்தைங்க வாயில ஈயத்தை ஊட்டப் பார்த்தேன்.”

ஆச்சு என்பது இங்கே பொருந்தாது. அத்தை காலில் ஒட்டிய மண்ணை வேலியோரத்துக் கல்லில் தேய்த்தார்.

“வீட்டுக்குப் போனதும் கால் கழுவிடுங்க. சோப்பு போட்டு” என்றான்.

“அவளை மாதிரியே பேசறீங்க.” அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே போகாமல் நின்றார். “உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னா? அன்னிக்குக் காலையில ஏதாச்சும் சொல்லியிருப்பாளே. எனக்காக அழகா மாத்திச் சொல்லாதீங்க. அவ சொன்னபடியே சொல்லுங்க.”

அன்று அவன் அவசரத்தில் இருந்தான். அவள் குளியலறையில் இருந்தாள். அவன் பாதிப் படி இறங்கிவிட்டான். மேலேயிருந்து குரல் வந்தது. கேட்டது, திரும்பி ஏறவில்லை.

அத்தையிடம் சொன்னான், அவள் சொன்னபடியே.

“டேய், சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திட்டுப் போடா, பூனை வந்து பாலைக் குடிச்சிடும்.”