குவாரி வெளிச்சம்

சவப்பெட்டி மூடிக்கு ஆணி அடிக்க வைத்திருந்த சுத்தியலைத்தான் ஆக்னஸ் எடுத்தாள். பெட்டியின் தலைமாட்டைத் தூக்க அண்ணன் கிறிஸ்துராஜ் குனிந்திருந்தான். முதல் அடி தோளில் விழுந்தது. அலறிக்கொண்டு திரும்பியவனுக்குக் காதோரம் அடுத்தது.

பெட்டிக்குள் கிடந்தவர் அவள் கணவர் ஞானசீலன். ஆலங்காயத்துக்கு மேலே, மலையில் இருந்த வானாய்வு நிலையத்தில் தொலைநோக்கியைத் திருப்பி நிறுத்துகிற வேலை. மலையடிவாரக் குவாரிப் பள்ளத்தில் தவறி விழுந்துவிட்டார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அப்படிச் சொன்னவன், அந்தக் குவாரிக்கு மேஸ்திரியான கிறிஸ்துராஜ். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்ததும், தங்கையைக் கட்டிக்கொண்டு அழுததும் அவனேதான்.

சற்றுமுன்தான் கல் உடைக்கிற பூவம்மாள் ஆக்னஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவரு தானா விழலம்மா. உன் அண்ணன் கடப்பாரையால மண்டையில போட்டத இந்தக் கண்ணால பார்த்தேன். அப்புறந்தான் பள்ளத்துல தள்ளுனாங்க."

நாலு பேர் சேர்ந்து சுத்தியலைப் பிடுங்கினார்கள். அண்ணனின் தலைமயிரை அவள் விடவில்லை.

"சொல்லுடா! இன்னா பண்ண அவர?"

ரத்தம் கழுத்து வழியாக அவன் வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. அவன் கை ஓங்கவில்லை.

"லைட்ட நிறுத்துன்னு வந்தாரு. லாரிங்க நிக்குது, முடியாதுன்னேன். அவரே ஜெனரேட்டர் ஒயரப் புடுங்கிட்டாரு. ஆளுங்க முன்னால... குடிச்சிருந்தேன் பாப்பா."

"ஒரு லைட்டுக்காடா?"

வாசலில் நின்ற வானாய்வு நிலைய விஞ்ஞானி சாமிநாதன் உள்ளே வந்தார்.

"அவர அனுப்புனது நான்தாம்மா. வானத்துல எங்கியோ பெரிய வெடிப்பு. காமாக் கதிர். செயற்கைக்கோள்ங்கதான் அதப் பார்த்துச்சு. இந்தத் திசைன்னு எங்களுக்குத் தந்தி வந்துது. அந்த இடத்துல மிச்ச வெளிச்சம் இருந்தா, மங்குறதுக்குள்ள படம் எடுத்துடணும். குவாரி லைட்டும் அதே பக்கம், அது எரிஞ்சா படம் வெளுத்துடும். 'என் மச்சான்தான் சார், சொன்னா கேப்பாரு'ன்னு இறங்கிப் போனாரு."

அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"லைட்டு அணைஞ்சுது. பேசி முடிச்சிட்டார்னு நெனச்சேன். சந்தோஷமா படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுதா சார்?"

"எதும்மா?"

"நீங்க தேடுனது."

"படம் ரொம்பத் தெளிவா வந்திருக்கு," என்றார் சாமிநாதன். "புதுசா ஒண்ணுமில்ல. எப்பவும் இருக்கிற நட்சத்திரங்கதான்."

ஆக்னஸ் மறுபடியும் அண்ணன்மேல் பாய்ந்தாள். கன்னத்திலும் வாயிலும் மார்பிலும் மாறி மாறி அறைந்தாள். வளையல் உடைந்து அவள் மணிக்கட்டையே கிழித்தது. இந்த முறை யாரும் தடுக்கவில்லை. அவன் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கை ஓய்ந்தபோதுதான் நிறுத்தினாள்.

"இவன் பெட்டியத் தொடக்கூடாது," என்றாள்.

வேறு ஆட்கள் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே கிறிஸ்துராஜ் நின்றிருந்தான். குவாரி ஆள் ஒருவன் அவன் கையைப் பிடித்து இழுத்து, "ஓடிப்போயிடு மேஸ்திரி" என்றான். அவன் கையை உதறினான்.

ஃபாதர் ஜெபம் முடித்து மண் போட்டதும் ஆக்னஸ் சாமிநாதனிடம் வந்தாள்.

"சார், போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் உங்க ஜீப்பு வருமா?"

பின்சீட்டில் அவள் ஏறினாள். கூப்பிடாமலே கிறிஸ்துராஜும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். பூவம்மாள் முன்னால் ஏறிக்கொண்டாள். மேடுபள்ளத்தில் ஜீப்பு குலுங்கியதும் அவன் காதோரம் ரத்தம் உறைந்திருந்த காயம் மறுபடி கசிந்து, சொட்டுச் சொட்டாக சீட்டில் விழுந்தது.

ஆக்னஸ் சேலைத் தலைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.