மச்சான் ஏறிய வண்டி

அந்த ஸ்டேஷனில் காலையில் ஒரு வண்டி நிற்கும், சாயங்காலம் ஒரு வண்டி நிற்கும். இறங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, ஸ்டேஷன் மாஸ்டர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஒலிபெருக்கியில் ஆரம்பித்தால், மேய்கிற ஆடுகள்தான் தலைதூக்கிப் பார்க்கும்.

அவருக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டுமென்று மனைவிதான் தன் அண்ணனை வரவழைத்தாள். மச்சான் லாரி ஓட்டி ஓய்ந்தவர், கல்யாணம் ஆகாதவர். வந்த அன்றே, குவார்ட்டர்ஸில் புழுக்கமென்று பயணிகள் அறையின் நீள பெஞ்சுக்குக் குடிபோனார். ஜன்னல் கம்பியில் பனியன் காய்ந்தது. சுவரில் சவரக் கண்ணாடி ஏறியது. ஒருநாள் டிக்கெட் வாங்க வந்த பெண்ணிடம், "பாத்து வாம்மா, இப்பதான் தரையத் தொடச்சேன்" என்றார். மழை போய் வெயில் வந்தது. மச்சான் மட்டும் போகிற வழியைக் காணோம்.

போகச் சொன்னால் மனைவி முகம் வாடும் என்று மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. ஜாடையாக மைக்கில் சொல்லிப் பார்த்தார்.

"மாலை வண்டியில் இடம் தாராளமாக உள்ளது. நெடுநாளாகக் காத்திருக்கும் பயணிகள் பயன்படுத்திக்கொள்ளலாம்."

பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "கணீர்னு கேக்குது மாப்பிள்ளை."

ஒரு மத்தியானம், அந்த ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காத எக்ஸ்பிரஸ் இன்ஜின் கோளாறாகி அங்கேயே நின்றது. ஜனங்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். பிளாட்பாரம் நிறைந்ததைப் பார்த்து மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி தாமதமாகும் என்று மைக்கில் நீட்டி முழக்கியவர், அதை அணைக்க மறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள்.

"இவ்வளவு பேர் வந்திருக்காங்க, உக்கார இடமில்ல. உங்க அண்ணன் பெஞ்சு முழுக்கப் படுத்துக் கெடக்கார். அவர் எப்பதான் கெளம்புவார்?"

வெளியே பிளாட்பாரம் கப்சிப்பென்று ஆனது.

"அதை அவர்கிட்டயே கேளுங்களேன்."

"கேட்டா நீ மூக்கைச் சிந்துவே."

"நானா? அவர் எப்ப போவார்னு நானே வழி பாத்துட்டிருக்கேன். தெனம் சாப்பாட்டுல ஒரு கொறை. நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான் பேசாம இருந்தேன்."

வெடிச்சிரிப்பு கேட்டு இருவரும் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் கைப்பையோடு மச்சான் நின்றார்.

"மாப்பிள்ளை, முதல்ல மைக்க அணைங்க."

மாஸ்டர் அணைத்தார்.

"அண்ணா..." என்றாள் மனைவி.

"இருக்கட்டும்மா. உனக்காக அவரும் அவருக்காக நீயும் வாயக் கட்டியிருக்கீங்க. நல்ல ஜோடிதான். டிக்கெட்டக் குடுங்க மாப்பிள்ளை."

வண்டியின் ஜன்னலோரத்தில் இருந்த ஓர் அம்மாள், "இங்க வாங்கண்ணே, எடமிருக்கு" என்று கூப்பிட்டாள். இரண்டு பேர் கைப்பையை வாங்கி உள்ளே வைத்தார்கள். இன்ஜின் சரியாகி வண்டி நகர்ந்தபோது, மச்சான் மந்திரியைப் போலக் கையசைத்துக்கொண்டு போனார்.

மாஸ்டர் நிம்மதியாகத் திரும்பினார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? வெறும் வயித்தோட போறார்."

"நீயும்தானே..."

"நான் தங்கச்சி. நீங்கதான் சொல்லணும்."

ஒரு மணி நேரம் கழிந்தும் சாப்பாட்டுத் தூக்குவாளி மூடியோடு கிடந்தது. வேறு வழியில்லாமல், எக்ஸ்பிரஸ் அடுத்து நிற்கும் ஸ்டேஷனுக்கு மாஸ்டர் போன் போட்டார். அங்கேயும் ஒரு மாஸ்டர், அங்கேயும் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸ்.

"சார், வண்டியில என் மச்சான் வர்றார். சாப்பிட ஏதாவது வாங்கிக் குடுக்க முடியுமா?"

"அவரா? இங்கேயே எறங்கிட்டாரே. எங்க வீட்டுலதான் சாப்பிட்டுட்டிருக்கார். கலகலப்பான மனுஷன் சார். நாலு நாள் இருந்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன்."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்ல மனுஷன் சார்" என்று சொல்லிவிட்டு, மெதுவாகப் போனை வைத்தார்.