கடைக்கு வந்த திமிங்கிலப் பல்

ஃபிஜியில் லம்பாசாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் டவுன் ஹாலும் மார்க்கெட்டும் ஒரே கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மேலே கல்யாணமும் கவுன்சில் கூட்டமும், கீழே கத்தரிக்காயும் மீனும். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மேல்மாடியில் சிப்பாய்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆட்சி யாரிடம் இருந்தால் என்ன, கத்தரிக்காய் வாடத்தான் செய்தது.

கீழே மிளகாய்க் கடை வைத்திருந்த கன்னையா, மனைவி ஜான்கியோடு சனிக்கிழமை சிட்னிக்குப் புறப்பட வேண்டும். மகன் அங்கிருந்தே விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தான். அதற்கு முந்தின நாள் காலையில், பக்கத்துக் கடையில் கிழங்கு விற்கும் ஃபிஜிக்காரி மெரேயா தன் அண்ணன்மாரோடு வந்து அவர் கடை முன்னால் பாய் விரித்தாள். மூத்த அண்ணன் ஒரு திமிங்கிலப் பல்லை இரு கையிலும் ஏந்தி நீளமாகப் பேசினார். பெரிய சபைகளில் பேசும் ஃபிஜி மொழி அது. கன்னையாவுக்கு வந்ததோ பேரம் பேசும் அளவுக்குத்தான். மேலே ஹாலில் நடந்திருந்தால் பக்கத்தில் யாராவது விவரம் சொல்லியிருப்பார்கள். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே மனிதர் என்னத்தைக் கண்டார்? ஊரை விட்டுப் போகிறவனுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று உச்சி குளிர்ந்து, பல்லை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மெரேயா கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தியில் சொன்னாள்: “பையா, போகாதீங்கன்னு கேட்டோம். பல்லை வாங்கிட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தம். இனி நீங்க போகக் கூடாது.”

திருப்பிக் கொடுத்தால் அவர்கள் முகத்தில் அறைந்த மாதிரி. வைத்துக்கொண்டால் சிட்னி?

“இன்னாய்யா காரியம் பண்ணிட்டே?” என்றாள் ஜான்கி. “இத்தினி வருசமா இவங்க பக்கத்துலயே குந்தினு இருக்கே. அது இன்னான்னு தெரியாமயா கை நீட்டினே?”

“தெரியல ஜான்கி. சத்தியமா தெரியல.”

சத்தியம் பண்ணிவிட்டாரே தவிர, அது உண்மைதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

ஜான்கி லேசுப்பட்டவள் இல்லை. எதிர்க் கடையில் இடித்துக் கரைத்துக் குடிக்கிற நங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கி வந்து மெரேயாவின் முன்னால் வைத்தாள். ஊரை விட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் விடை கேட்பார்கள்.

“எங்கள அனுப்பி வை, மெரேயா. பேரப் புள்ளைங்க அங்க இருக்குது.”

மெரேயாவின் கைகள் வெகுநேரம் மடியிலேயே கிடந்தன. பிறகு கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அண்ணன்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பல்லை வாங்கியதால் இருப்பதாகக் கன்னையாவின் வாக்கு, வேரை வாங்கியதால் அனுப்புவதாக மெரேயாவின் வாக்கு. இதில் எது செல்லும்? மாடியிலிருந்து ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்து, என்ன கூட்டம் என்று அதட்டினான்.

மூத்த அண்ணன் கடைசியில் எழுந்து வந்து கன்னையாவின் தோளைத் தட்டினார். “போய் வா” என்றார்.

இனித் தடுக்க ஒருவரும் இல்லை. அப்போதுதான் கன்னையாவுக்குப் போக மனமில்லை என்பது தெரிந்தது. அதைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் ஜான்கி கடைத் தராசைத் துணியில் சுற்றி மெரேயாவின் கையில் கொடுத்துவிட்டாள்.