இரண்டு சாட்சிகள்

அவன் ஸ்பூன் தண்ணீரை அப்பாவின் கீழுதட்டில் சாய்த்தபோது அவர் கண்ணைத் திறக்காமலே உறிஞ்சினார். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும் என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அவர் விடிந்ததிலிருந்து தண்ணி தண்ணி என்று முனகிக்கொண்டே இருந்தார். காது கேளாதவன் மாதிரி எவ்வளவு நேரம்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. இன்னொரு ஸ்பூன் கொடுத்தான். தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

நிமிர்ந்தால், வெளியே போயிருந்த அக்கா வாசலில் நிற்கிறாள்.

அவன் ஸ்பூனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இத்தனைக்கும் அவன் டைல்ஸ் ஒட்டி ஒட்டி முட்டி காய்த்துப்போன, தாடி நரைத்த ஆள். அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

அப்பா லாரி ஓட்டியவர், சபை மூப்பர். அவர் வீட்டிலிருக்கும் நாளெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டு. முடிந்ததும் முழங்காலில் இருந்தபடியே பிள்ளைகள் அவரவர் பாவத்தைச் சொல்ல வேண்டும். பிறகு மற்றவர் மறைத்ததையும். கண்டும் சொல்லாத வாய்க்கும் பெல்ட் அடி உண்டு. முந்திக்கொண்டவர் தப்பினார். "நரகத்துல நீங்க வேகக் கூடாதுன்னுதான் அடிக்கிறேன்" என்று அடித்துவிட்டு அவரே அழுவார். தழும்புக்கு எண்ணெயும் தடவிவிடுவார். பாசத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

தெருவில் அவர்களுக்கு சி.ஐ.டி. பிள்ளைகள் என்று பேர். ஆண்டவர் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்பார் அப்பா. அந்த வீட்டில் ஆண்டவருடைய வேலையை இரண்டு பொடிசுகள்தான் பார்த்தார்கள். மீசை முளைத்ததும் அவன் சபையை விட்டு விலகினான். அக்காவை விட்டு அதற்கு முன்பே விலகியிருந்தான். அவன் கல்யாணத்தைக்கூட அடுத்தவர் வாயால்தான் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மதியத்துக்கு மேல் அப்பாவுக்கு இருமல் வந்தது. மூச்சு இழுத்து இழுத்து, நின்றது.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். மூக்குக் குழாயைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"வாய்ல ஏதாவது குடுத்தீங்களா?"

அக்கா தலையை நிமிர்த்தினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான். "அக்காதான். காலைல ஜூஸ் குடுத்தா. பாட்டில் அவ பைக்குள்ள இருக்கு."

காலையில் டீ குடித்துவிட்டு வரும்போது அவன் பார்த்தது அது. பார்த்ததை மனசுக்குள் முடிந்துவைத்திருந்தான் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்மா. நான்தான் குடுத்தேன். வேற யாரும் குடுக்கல."

அதனால் ஒன்றுமில்லை, நுரையீரல் நேற்றே போய்விட்டது, கேட்க வேண்டுமே என்று கேட்டேன் என்றாள் நர்ஸ். வெள்ளைத் துணி எடுத்துவர வெளியே போனாள்.



"நான் குடுத்ததை நீ பாத்த" என்றான்.

"பாத்தேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"யார்கிட்டடா சொல்றது? கேக்கறவர்தான் போயிட்டாரே."

அவள் எழுந்து அப்பாவின் போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துவிட்டாள். அவன் கட்டிலின் மறுபக்கம் போய் நின்று, அந்தப் பக்கத்து நுனியைப் பிடித்தான். அது சரியாகத்தான் இருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.